இடது இண்டிகேட்டர்

இது நடந்தது. எனக்கு நடந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேய் பயம் கிடையாது. பதினாறு வருடம் சுமத்ரா தீவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் லாரி ஓட்டியவன் நான். இடுகாட்டு ஓரம் வண்டியை ஒதுக்கிப் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறேன். பேயைப் பார்த்தேன் என்று எந்த டிரைவராவது வாயைத் திறந்தால், "நேத்து என்னத்தக் குடிச்ச?" என்று கேட்கிற முதல் ஆள் நான்தான். இப்போது என்னை அப்படிக் கேட்கிறார்கள். கேட்கட்டும். நான் குடிப்பதில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதைத் தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள்.

என் பெயர் மவார்தி. சொந்த வண்டி. மஞ்சள் நிற ஆறு சக்கரம். கிழட்டு வண்டிதான், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும்.

நாளைக்கு எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த வாழ்க்கையின் ருசியே அதுதான். சோலோக்கில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு போய் ஜாம்பியில் இறக்கும்போது ஒருவன் வந்து, "அண்ணே, லாம்புங் வரைக்கும் ரப்பர் லோடு இருக்கு, வர்றீங்களா?" என்பான். போய்விடுவேன். லாம்புங்கில் இன்னொருவன் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் கட்டில் பீரோவோடு நிற்பான். அதையும் ஏற்றிக்கொள்வேன். மழையில் மண் சரிந்து சாலை மூடிக்கொண்டால் மற்ற டிரைவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் கேபின் கூரைமேல் பாயை விரித்து, கிராம்பு சிகரெட் ஒன்றைப் பற்றவைத்து, பாட ஆரம்பித்துவிடுவேன். என் குரல் தகர டப்பா. அதனால் என்ன? பாதை திறக்கிறபோது திறக்கட்டும்.

எங்கள் பக்கத்து லாரிகளின் பின்பலகையில் ஏதாவது எழுதாமல் விடமாட்டார்கள். காதல் தோல்வி, மாமியார் கிண்டல், ஆண்டவன் துணை, எல்லாம் இருக்கும். என் வண்டியில் நானே வெள்ளைப் பெயிண்டில் எழுதியது இது: எங்கே என்று கேட்காதே. கடைசி எழுத்தில் பெயிண்ட் ஒழுகி, வால் முளைத்த மாதிரி நீண்டுவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

கேட்க ஒருத்தி இருந்தாள். என் மனைவி யுஸ்னெலி.

எங்கள் மினாங் ஜனங்களில் கல்யாணம் ஆனால் ஆண்தான் பெண் வீட்டில் போய் இருக்க வேண்டும். அவன் எரிந்த மரக்கட்டைமேல் கிடக்கும் சாம்பல், காற்றடித்தால் போய்விடுவான் என்று பழமொழியே உண்டு. நெலியின் அண்ணன் ஜஸ்மான் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவனே தங்கையை எனக்குக் கட்டிவைத்தான், பிறகு அவனே தன் தலையில் அடித்துக்கொண்டான். என்னைப் பெயர் சொல்லி அவன் கூப்பிட்டதே இல்லை. "டேய் சாம்பலு" என்றுதான் கூப்பிடுவான்.

நெலி சண்டை போடுகிறவள் இல்லை. போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்குக்கூட நான் வீடு போய்ச் சேரவில்லை. ஆச்சே பக்கம் எங்கேயோ இருந்தேன். திரும்பி வந்தபோது என் துணிகளையெல்லாம் மடித்து ஒரு பையில் வைத்திருந்தாள்.

"எதுக்கு இது?"

"அடுத்த தடவ உள்ள வர வேணாம். வாசல்லயே வாங்கிட்டுப் போயிடு."

அவ்வளவுதான் சொன்னாள். சுருக்கென்று தைத்தது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, பயந்தேன்.

ஜஸ்மான் அரிசி ஆலையில் எனக்கு ஒரு வேலை பேசி முடித்தான். ஆலையிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து ஆலைக்கு, ஒரு சின்ன வேன். மதியச் சோறு வீட்டில். என் லாரியை வாங்கவும் ஆள் பார்த்துவிட்டான். பாதாங் துறைமுகத்தில் கடைசி லோடை இறக்கிவிட்டு அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும். மறுநாள் காலையில் லாரியை எடுத்துப் போக வருவார்கள். இதுதான் பேச்சு. வந்தால் நெலி. வராவிட்டால் வாசலில் பை.

நான் நிஜமாகவே வீட்டுக்குத்தான் கிளம்பினேன். வேறு யார் நம்பாவிட்டாலும் இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

மாலை ஐந்தே கால். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வண்டியைக் கிளப்பும்போதே போன் அடித்தது.

"டேய் சாம்பலு, கெளம்பிட்டியா?"

"வந்துட்டே இருக்கேன் மச்சான்."

"போன தடவயும் இதே வந்துட்டே இருக்கேன்தான். மூணு மாசம் வந்துட்டே இருந்த."

"இந்தத் தடவ சத்தியமா."

"ஒன் சத்தியத்த ஊறுகா போட்டா ஊரே தொட்டுக்கலாம். நானும் நெலியும் மேல முச்சந்திக்கு வந்து நிக்கிறோம். அங்கேருந்து ஒன்ன இழுத்துட்டுப் போனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

பக்கத்தில் நெலி சிரிப்பது கேட்டது. அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பாதாங்கிலிருந்து எங்கள் ஊருக்குப் போக சித்திஞ்சாவ் மலையில் ஏறி இறங்க வேண்டும். ஏறி முடிக்கிற இடத்தில்தான் அந்த முச்சந்தி. இடது பக்கம் திரும்பினால் வீடு. வலது பக்கம் தெற்கே போகிற சாலை. அதில் போனால் டீத்தோட்டம், ஏரி, கெரிஞ்சி மலை, அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். எத்தனையோ தடவை நான் வலது பக்கம் திரும்பிப் போன முச்சந்தி அது.

இந்தப் பாதையில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. முன்னால் போகிற லாரிதான் பின்னால் வருகிறவனுக்குக் கண். எதிரே வண்டி வந்தால் முன்லாரிக்காரன் வலது இண்டிகேட்டரைப் போடுவான். என்னை முந்தி ஏறாதே என்று அர்த்தம். பாதை காலியாக இருந்தால் இடது இண்டிகேட்டர். தாராளமாக ஏறிப் போ என்று அர்த்தம். அவன் யாரென்று நமக்குத் தெரியாது. முகம்கூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் அவன் இடது போட்டால் நாம் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் ஏறிவிடுவோம். அந்த விளக்கில் பொய் சொல்கிற டிரைவர் எங்கள் தீவிலேயே பிறக்கவில்லை என்பார்கள்.

பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு இருபதுக்கு அந்திப் பாங்கு கேட்டது. அந்தி நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது, அது மனிதர்களுக்கான நேரம் இல்லை என்பார்கள். அதனால் ரப்பியா அக்காவின் காப்பிக் கடையில் ஒதுக்கினேன். தொழுதுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"அக்கா, ஒரு காப்பி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னொண்ணா?"

"என்ன இன்னொண்ணு?"

"இப்பத்தானே குடிச்சிட்டுப் போன."

சிரித்தேன். "வயசாயிடுச்சுக்கா ஒனக்கு. நான் இப்பத்தான் வர்றேன்."

"கண்ணு எனக்கு நல்லாத்தான் தெரியுது தம்பி. ஒன் வண்டிதான். பின்னாடி எழுதினதப் படிச்சேனே. நீ பாட்டுப் பாடிக்கிட்டே போனியே. மிச்சக் காசக்கூட வாங்கல. கூப்பிட்டேன், திரும்பியே பாக்கல."

பெஞ்சின் மறுமுனையில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. பாதி காப்பி. டம்ளரில் இன்னும் சூடு இருந்தது. பக்கத்தில் தேங்காய் ஓட்டில் ஒரு கிராம்பு சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. அதன் நுனி பல்லில் கடித்துக் கடித்துச் சப்பையாகியிருந்தது.

அப்படிச் சிகரெட்டைக் கடிக்கிற பழக்கம் எனக்கு உண்டு.

"மஞ்சள் வண்டி ஊர்ல எத்தனையோ இருக்கு" என்றேன்.

"மூஞ்சி?" என்றார் ரப்பியா அக்கா. எனக்குக் காப்பி போட்டுக் கொடுக்கவில்லை.

கிளம்பிவிட்டேன். யாரோ விளையாடுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார், எதற்கு என்று யோசிக்கவில்லை. யோசித்தால் பயம் வரும் என்று தெரிந்ததால் பாட்டுப் பாடலாம் என்று வாயைத் திறந்தேன். பாட்டு வரவில்லை. எத்தனையோ வருடமாகப் பாடுகிற பாட்டு, முதல் வரியே மறந்து போயிருந்தது.

செங்குத்தான வளைவு ஒன்றில் கையில் டார்ச் லைட்டோடு ஒருவர் நிற்பார். மேலே வண்டி வருகிறதா என்று பார்த்து எங்களை ஏற்றிவிடுவார். நாங்கள் ஜன்னல் வழியாகச் சில்லறை போடுவோம். அன்றும் நின்றார். டார்ச்சை ஆட்டினார். வண்டி அவரைத் தாண்டும்போது என் முகத்தில் வெளிச்சம் அடித்தது. ஆட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

கண்ணாடியில் பார்த்தேன். அவர் ரோட்டை விட்டு விலகிப் பின்வாங்கிக்கொண்டே போனார்.

ஆறு ஐம்பத்தைந்து. பனி இறங்கிவிட்டது.

ஹெட்லைட் நாலு அடிக்குமேல் போகவில்லை. வைப்பர் டக்... டக்... என்று அடித்துக்கொண்டிருந்தது. முதல் கியரில் ஊர்ந்தேன். சாலையில் வேறு வண்டியே இல்லை. அந்த மலையில் அந்த நேரத்துக்கு லாரியும் பஸ்ஸும் எறும்பு மாதிரி வரிசை கட்டும். அன்று முன்னாலும் இல்லை. பின்னாலும் இல்லை.

அப்போது முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தது.

ஒரு லாரி. மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. துணைக்கு ஒருத்தன் இருக்கிறான் என்று நெருங்கினேன்.

அவன் இடது இண்டிகேட்டரைப் போட்டான். ஏறிப் போ.

நான் ஏறவில்லை. அவன் பின்னாலேயே போகத்தான் எனக்கு ஆசை. ஆனால் அவன் விடவில்லை. இடது... இடது... இடது... மஞ்சள் வெளிச்சம் பனியில் துடித்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கினேன். என் ஹெட்லைட் அவன் பின்பலகைமேல் விழுந்தது.

வெள்ளைப் பெயிண்ட்.

எங்கே என்று கேட்காதே.

கடைசி எழுத்தில் வால்.

அந்த லாரியில் லோடு இருந்தது. தார்பாய் கட்டியிருந்தது. தார்பாய்க் கயிற்றை நான் போடுகிற முடிச்சு, என் அப்பா சொல்லிக்கொடுத்தது, அதே முடிச்சு. அவ்வளவு லோடோடு அந்த ஏற்றத்தில் அது முனகவே இல்லை. காலி வண்டி மாதிரி போயிற்று.

ஜன்னல் வழியாகக் கிராம்பு வாசனை வந்தது.

பிறகு... பாட்டு.

தகர டப்பாக் குரல். எனக்கு மறந்து போன அந்த முதல் வரி.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். பயத்தைவிட அப்போது எனக்கு ஆசைதான் பெரிதாக இருந்தது. ஏறி அவன் பக்கத்தில் போய் யாரென்று பார்க்க வேண்டும். அதோடு அவன்கூடவே போய்விட வேண்டும். அந்த லோடு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாததே தேனாக இருந்தது. கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. என் வண்டியின் மூக்கு எதிர்ப்பக்கத்துக்குத் திரும்பிவிட்டது.

நெலி முச்சந்தியில் நின்றுகொண்டிருப்பாள்.

பிரேக்கை மிதித்தேன்.

ஓரமாக ஒதுக்கினேன். எஞ்சின் தானாக அணைந்தது. சாவியைத் திருப்பினேன். பேச்சுமூச்சில்லை.

முன்னால் போன லாரியும் நின்றது.

நின்று... காத்திருந்தது.

டிக்... டிக்... டிக்... அந்த இண்டிகேட்டரின் சத்தம் என் கேபினுக்குள் கேட்டது.

நான் அசையவில்லை.

பாட்டு நின்றது.

பிறகு ஹாரன். ஒரு நீளம், ஒரு குட்டை. ஊரை விட்டுக் கிளம்பும்போது நான் அடிக்கிற ஹாரன்.

அது போய்விட்டது.

என் நெஞ்சுக்குள்ளிருந்து யாரோ இறங்கிப் போன மாதிரி இருந்தது. வலி இல்லை. கதவு சாத்தின மாதிரி, அவ்வளவுதான். ஆனாலும் அழுகையோடு ஒரு சந்தோஷம் வந்தது. நான் போகவில்லை. நெலியிடம் சொல்ல வேண்டும், இந்தத் தடவை நான் போகவில்லை என்று. போனை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வண்டி கிளம்பவில்லை. அப்படியே இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ஏழு முப்பத்தொன்று. போன் அடித்தது.

"டேய்! எங்கடா போற?"

ஜஸ்மான். கத்தினான். பின்னால் எஞ்சின் இரைச்சல்.

"மச்சான், நான்..."

"முச்சந்தியில நாங்க நிக்கிறது கண்ணு தெரியலையா? நெலி நடு ரோட்டுல நின்னு கை காட்டுறா. நீ ஹாரன அடிச்சிட்டு வலது பக்கம் திரும்பிப் போற!"

"நான் திரும்பல. நான் இன்னும் கீழதான்..."

"பொய் சொன்னா பல்லு பேந்துடும். ஒன் பின்னாடிதான்டா வர்றேன். ஒன் பலக என் மூஞ்சிக்கு முன்னாடி ஆடுது."



"மச்சான். அது நான் இல்ல. வண்டிய நிறுத்து."

"நீ நிறுத்து மொதல்ல!"

"அண்ணே, மெதுவா போ..." நெலியின் குரல்.

"இந்தா, சைடு குடுத்துட்ட. இடது போட்டுட்டியா? சரி இரு. முன்னாடி வந்து குறுக்க நிறுத்துறேன். அப்புறம் எங்க ஓடுறன்னு பாக்குறேன்."

"ஏறாத!"

"என்ன?"

"ஏறாத மச்சான்! அத நம்பாத! ஏறாத... ஏறாத..."

ஜஸ்மானின் பிக்கப் வேன் உறுமியது.

பிறகு ஜஸ்மான் பேசினான். கத்தவில்லை. மெதுவாக, ஆச்சரியப்பட்ட மாதிரி.

"டேய்... ஒன் கையில போனே இல்லையே... இப்பதான போன்ல..."

ஒரு ஹாரன். அவனுடையது இல்லை.

அப்புறம் ஒன்றுமில்லை.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் முதல் தடவையிலேயே கிளம்பியது.

தெற்குச் சாலையில் முச்சந்தியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கிடந்தார்கள். முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரியின் கீழே ஜஸ்மானின் பிக்கப் பாதி வரை போயிருந்தது. ரோடெல்லாம் முட்டைக்கோஸ். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜஸ்மானை வெளியே எடுக்கவே முடியவில்லை. கையில் போனைப் பிடித்தபடியே போய்விட்டான். என் மச்சான். என்னை வீட்டுக்குக் கூட்டிப் போக வந்தவன். உருண்டு உருண்டு அழுதேன்.

நெலி சேற்றில் தூக்கி எறியப்பட்டிருந்தாள். ஒரு கால் மடங்கிக் கிடந்தது. நினைவு இருந்தது. நான் ஓடிப் போய்க் குனிந்தேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாலையின் தெற்குப் பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

கத்தினாள் பாருங்கள். கூட்டம் அவளை என்னிடமிருந்து இழுத்துப் போகும்வரை கத்தினாள்.

போலீஸ் என்னைத்தான் பிடித்தது. ரப்பியா அக்காவும் டார்ச் லைட்காரரும் வந்து சொன்னதால் விட்டார்கள். இரண்டு வண்டி போயிற்று, இவன் வண்டி இரண்டாவது என்றார்கள். முதல் வண்டி கிடைக்கவே இல்லை. தெற்கே எந்த ஊரிலும் அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. முட்டைக்கோஸ் லாரிக்காரன் மட்டும் ஸ்டேஷனில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

"என் ஹெட்லைட் நேரா அவன் மூஞ்சியில அடிச்சது அண்ணே. நான் வர்றத அவன் நல்லாப் பாத்தான். பாத்துக்கிட்டேதான் இடது போட்டான்."

சொல்லிவிட்டு என் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

லாரியை விற்றேன். வாங்கியவர்கள் ஓட்டவில்லை, பழைய இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். பின்பலகை விறகாகப் போனதை நானே நின்று பார்த்தேன். ஆலை வேலையில் சேர்ந்தேன். ஆலையிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து ஆலைக்கு. மதியச் சோறு வீட்டில். எங்கே போகிறோம் என்று எனக்கு எப்போதும் தெரிகிறது. மழை பெய்தால் நனையாமல் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். சோறு, தூக்கம், வேன். பாட்டு திரும்பி வரவே இல்லை. ஜஸ்மானுக்காக அழுததுதான் நான் கடைசியாக அழுதது. அதற்குப் பிறகு அழக்கூட வரவில்லை.

நெலி கைத்தடி ஊன்றி நடக்கிற அளவுக்குத் தேறினாள். என்னைத் துரத்தவில்லை. பை கட்டவில்லை. சோறு போடுவாள், எதிரே உட்காருவாள், வேறு எங்கேயோ பார்ப்பாள். ஒரு நாள் மீன் துண்டை என் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு வண்டி பக்கத்துல போனப்ப, அவன் திரும்பிப் பாத்தான்."

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

"நீதான். அதே சட்ட. ஜன்னல்ல கையப் போட்டுக்கிட்டு, சிரிச்ச."

"நான் இல்ல நெலி."

"கல்யாணத்தன்னிக்குக்கூட நீ அப்படிச் சிரிச்சதில்ல."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

அதன்பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. பழைய டிரைவர்கள். "பாலெம்பாங்ல ஒன்னப் பாத்தேன்டா, கையாட்டினா கண்டுக்காமப் போற?" என்றான் ஒருவன். "மேடான் போற வழியில மண் சரிஞ்சு ரோடு மூடினப்ப கேபின் மேல படுத்துப் பாடிக்கிட்டிருந்தியே, ராத்திரி பூரா சிரிச்சோம்" என்றான் இன்னொருவன். இரண்டும் ஒரே வாரம். அந்த வாரம் நான் ஆலையைத் தாண்டவில்லை. மறுப்பதை விட்டுவிட்டேன். "ஆமா, அவசரமாப் போனேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன்.

எங்கள் ஊரில், பெரிய அதிர்ச்சி பட்டவர்களின் உயிர் அந்த இடத்திலேயே தங்கிவிடும் என்பார்கள். உடம்பு மட்டும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. அந்தி நேரத்தில் வாசலில் நின்று, மஞ்சள் அரிசியைத் தூவி, பெயரைச் சொல்லித் திரும்ப வா என்று கூப்பிட வேண்டும்.

நெலி கூப்பிட ஆரம்பித்தாள். பாங்கு சொன்னதும் தடியை ஊன்றிச் சாலையோரம் போவாள். அரிசியை வீசுவாள். "மவார்தி... வா... வீட்டுக்கு வா..." அந்தக் குரலில் அவள் என்னைக் கூப்பிட்டு வருடக்கணக்கில் ஆகிறது. உள்ளே உட்கார்ந்து கேட்கும்போது, என்னைச் சரியாக்கத்தான் இதெல்லாம் செய்கிறாள் என்று நினைத்தேன். உருகிப் போனேன். ஒரு நாள் எழுந்து போய் அவள் தோளைத் தொட்டேன்.

"இங்கதானே இருக்கேன் நெலி."

அவள் திரும்பினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒன்னக் கூப்பிடல" என்றாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும்.

போன வெள்ளிக்கிழமை நான் உள்ளே இருந்தேன். ஆறு இருபத்திரண்டு. பாங்கு முடிந்திருந்தது. நெலி இரண்டு தடவை கூப்பிட்டாள்.

மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

ஹாரன் கேட்டது. ஒரு நீளம். ஒரு குட்டை.

ஓடினேன்.

சாலையில் யாரும் இல்லை. மஞ்சள் அரிசி சிந்திக் கிடந்தது. கிராம்பு வாசனை.

எதிர்ச்சாரியில் வாழைக்காய் பஜ்ஜி போடுகிற மார்னிஸ் அக்கா, எண்ணெய்க் கரண்டியும் கையுமாக என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"அடப்பாவி, நீ எப்படிப்பா இங்க?"

"நெலி எங்கக்கா?"

"வெளையாடுறியா? இப்பத்தானே ஒன் லாரியில ஏறிப் போனா. தடிய வீசிட்டு ஓடிப் போய் ஏறினாளே. அப்படிச் சிரிச்சு நான் அவளப் பாத்ததே இல்ல."



மார்னிஸ் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு அடி பின்னால் போனார்.

"உள்ள இருந்து கை நீட்டி ஏத்திவிட்டது... நீதானே?"